புறாவை ஒப்படைக்காத நாட்கள்

ஜூன் 2, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவின் மண்சரிவு எச்சரிக்கைச் செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். எத்தனை வீடுகள் என்று நேரில் எண்ணாமல் அனுப்ப மனமில்லை, குடையோடு போனேன். பதினொன்று. தோட்ட அலுவலகம் சொன்னது ஏழு. பதினொன்று என்றே அனுப்பினேன்.

மூன்று மணிக்கு, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராப் பாக்கியம். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறாள். இடுப்பில் கட்டிய படங்குத் துணியை இன்னும் அவிழ்க்கவில்லை. கையில் சாக்கு. சாக்குக்குள் அசைவு.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுல பூனை இருக்கு. அங்க வச்சா விடியங்குள்ள எறகுதான் மிஞ்சும்."

புறா. ஓடைக்கரையில் யாரோ போஞ்சிக் கொடிக்குப் போட்ட வலையில் சிக்கியிருந்ததாம். வலையைப் பல்லால் கடித்து அறுத்தாளாம். வலது இறக்கை தொங்குகிறது. கண் மட்டும் தெளிவு. என்னை நேராகப் பார்த்தது, பயமில்லாமல்.

பிஸ்கட் பெட்டி ஒன்று. அடியில் போன மாதப் பத்திரிகை. பக்கம் ஏழு, என் செய்தி உள்ள பக்கம். சரி, எதற்காவது உதவட்டும்.

நாளை: மிருக வைத்தியர். மூக்குக்கண்ணாடித் திருகாணி. தீப்பெட்டி.

ஜூன் 3, செவ்வாய்

அரிசி: தொடவில்லை. பாசிப்பயறு: தொடவில்லை. ரொட்டித் துண்டு: காலால் தள்ளியது. தண்ணீர் மட்டும்.

எட்டரை பஸ். புறா சந்தைப் பையில், மேலே துவாய்.

நடத்துநர்: "அம்மா, கோழிக்கும் டிக்கட் எடுக்கணும்."

"கோழி இல்லப்பா."

"அப்ப என்ன?"

"நோயாளி."

பின் இருக்கையில் சிரிப்பு. டிக்கட் கேட்கவில்லை.

வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இறக்கையை விரித்து, மடித்து, மறுபடி விரித்தார். "எலும்பு முறியேல்லை அம்மா. தசைதான் கிழிஞ்சு போச்சு. கட்டிவிடுறன். இந்த மாசம் முடியுமட்டும் பறக்க விடாதேங்கோ. தூரப் பயணமும் வேண்டாம். குலுங்கினா திரும்பவும் கிழியும்."

வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று கேட்டேன்.

"அதை என்னட்டக் கேக்காதேங்கோ. அது வேற கந்தோர்."

முப்பத்து நான்கு வருட நிருபர் வேலையில், வேறு அலுவலகம் என்ற இந்தப் பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 4, புதன்

மழை சற்று விட்டது. கொட்டகலைக் கடைவீதி. நஸீர் நானாவின் தானியக் கடை. கடை மொட்டைமாடியில் இருபது புறாவாவது வளர்க்கிறார். எதைக் கொடுத்தால் தின்னும் என்று கேட்கப் போனேன். பைக்குள் எட்டிப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தங்கச்சி, இது எங்கட ஆளில்ல."

"புறாதானே நானா?"

"புறாதான். கழுத்தப் பாருங்க, தாம் வெளையாடுற பலக மாதிரி கறுப்பும் வெள்ளையும். நெஞ்சுல ஊதாப் பூச்சு. இது காட்டு ஆள். சிங்களத்துல மயிலகொயான்னு சொல்லுவாங்க. பயறு போட்டா தின்னுமா? பழம் தின்னுற ஜாதி." குரலைத் தாழ்த்தினார். "ஊர்ப்புறா நூறு வளத்தாலும் ஒருத்தனும் கேக்க மாட்டான். இத ஒண்ண வச்சிருந்தா கேப்பான்."

நேற்றும் முந்தாநாளும் பார்த்த கழுத்து. பார்த்தும் பார்க்கவில்லை. புறா என்ற சொல் மனதில் விழுந்ததும் மிச்சத்தைக் கண் விட்டுவிட்டது. என் தொழிலுக்கு வெட்கம்.

மாலையில் பாக்கியம் ஓடைக்கரை மரத்திலிருந்து சிறிய கறுப்புப் பழங்கள் ஒரு கை கொண்டுவந்தாள். ஒன்பது தின்றது. எண்ணினேன்.

ஜூன் 5, வியாழன்

சட்டத்தை வாசித்தேன், இரண்டு முறை. நான் விளங்கிக்கொண்ட வரை: இந்த நாட்டின் காட்டுப் பறவைகள் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை, அட்டவணையில் விலக்கிவைத்த சிலவற்றைத் தவிர. அனுமதி இல்லாமல் பிடிக்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது. காயப்பட்டதை எடுத்து வைத்திருந்தால்? யாரிடம் சொல்ல வேண்டும்? எத்தனை நாளைக்குள்? என் வாசிப்புக்கு அகப்படவில்லை.

ஆகவே வழக்கம்போல் செய்தேன். தகவல் அறியும் உரிமை விண்ணப்பம், வனவிலங்கு அலுவலகத்துக்கு, தமிழில், மூன்று கேள்விகளோடு.

1. காயப்பட்ட காட்டுப் புறாவைக் குணமாகும் வரை ஒருவர் வீட்டில் வைத்திருப்பது குற்றமா?
2. குற்றமெனில், அனுமதி பெறும் வழி என்ன?
3. கடந்த காலத்தில் இந்தப் பகுதியில் எவருக்காவது அப்படி அனுமதி கொடுக்கப்பட்டதா?

முழுப்பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம். பதிவுத் தபால். ரசீதைக் கோப்பில் குத்தினேன்.

வந்து பாக்கியத்திடம் சொன்னேன். அவள் கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு மூளை கீளை கொழம்பிருச்சா? திருடன் போலீசுக்கு லெட்டர் போட்டு, ஐயா திருடுறது சரியா தப்பான்னு கேக்குற மாதிரியில்ல இருக்கு! அதுவும் அட்ரசோட!"

"எழுத்துல கேட்டாத்தான் எழுத்துல பதில் வரும்."

"பதில் வராது. ஜீப் வரும்."

அவள் சொன்னது சரி. பாதையைப் பற்றி, பாடசாலைக் கூரையைப் பற்றி, குடிதண்ணீரைப் பற்றி நூற்றுக்கணக்கில் அனுப்பிய கை. இந்த முறை கேள்விக்குள் நானே நிற்கிறேன் என்பது கைக்குத் தெரியவில்லை.

திரும்பப் பெற மாட்டேன். கேட்டது கேட்டதுதான்.

ஜூன் 7, சனி

மூடுபனி. எதிர் லயம் தெரியவில்லை. பழம் பதினான்கு. கட்டு அப்படியே இருக்கிறது. பெட்டியை விட்டு வெளியே வந்து வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. செய்தி நேரத்தில் தலையைச் சாய்க்கிறது. மரண அறிவித்தலுக்கு மறுபக்கமும் சாய்க்கிறது.

பாக்கியம் அதை மாப்புள என்று கூப்பிடுகிறாள். "மாப்புள சாப்பிட்டாரா? மாப்புளைக்குக் குளிரா?" நான் பெயர் வைக்கவில்லை. போகப் போகிற ஒன்றுக்கு எதற்கு.

ஜூன் 9, திங்கள்

பத்து மணிக்குத் தொலைபேசி. வனவிலங்கு அலுவலகம். இளம் குரல், மரியாதை. சமிந்த என்று பெயர் சொன்னார். சிங்களத்தில் பேசினோம். உங்கள் கடிதம் கிடைத்தது, பறவை இப்போது உங்களிடம் இருக்கிறதா?

இருக்கிறது என்றேன்.

மறுபடி ஒருமுறை கேட்டார். இப்படி நேராகச் சொல்லும் ஆட்கள் அவருக்குப் பழக்கமில்லை போலும். புதன்கிழமை வருகிறேன் என்றார்.

பறவையைக் கொண்டுபோனால் எங்கே என்று கேட்டேன். கீழ்நாட்டில் பராமரிப்பு நிலையம், வாகனத்தில் ஐந்து ஆறு மணித்தியாலம். அங்கே வெயில் எப்படி? அது வெயில் ஊர்தானே அம்மா என்றார்.

மலையில் பிறந்த பறவை. கிழிந்த தசை. ஆறு மணித்தியாலக் குலுக்கல். போய்ச் சேரும்போது உயிர் இருக்காது.

கொடுக்க மாட்டேன்.

ஜூன் 10, செவ்வாய். போயா

பௌர்ணமி விடுமுறை. பத்திரிகை இல்லை, அலுவலகம் இல்லை. நானா கடை மட்டும் பின்கதவால் திறந்திருக்கும். பாக்கியம் போய்வந்தாள். கையில் கூடை. கூடையில் சாம்பல் நிற ஊர்ப்புறா ஒன்று, கொழுத்தது, கண்ணில் திமிர்.

"நானா குடுத்து விட்டாரு. நாளைக்கு அந்தாளு வந்தா இதக் காட்டுவோமாம். மாப்புள எங்க வீட்டு அட்டுல, மேல பரண்ல இருக்கட்டும். பூனைய எங்க அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டாச்சு."

எல்லாம் பேசி முடித்திருக்கிறார்கள், என்னைத் தவிர்த்து.

"வேணாம் பாக்கியம்."

"ஏன் வேணாம்? பொய் சொல்லச் சொல்லல. ஒண்ணும் பேசாதீங்க, அந்தாளு பாத்துட்டுப் போவாரு."

"அது பேசாம சொல்ற பொய்."

"ஆமா, பெரிய அரிச்சந்திரன் தங்கச்சி!" கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 11, புதன்

எழுத வேண்டும், வரிசையாக.

10.20. சமிந்த தொலைபேசி: லயத்துக்கு வரும் பாதை தெரியவில்லை. கோயிலடி வரை போய்க் கூட்டிவந்தேன். மோட்டார் சைக்கிள், மழைச் சட்டை, முப்பது வயதுக்குள். அம்மே என்று கூப்பிட்டார்.

10.40. வீட்டுக்குள் வந்தோம். வானொலிப் பக்கம் பெட்டி. பெட்டிக்குள் நானாவின் சாம்பல் புறா; நான் கோயிலடி போய்வந்த நேரத்தில் ஆள் மாறியிருக்கிறது. இஸ்தோப்புத் திண்ணையில் பாக்கியம் அரிசி புடைத்துக்கொண்டு, வெளியே மலையைப் பார்த்தபடி.

சமிந்த குனிந்து பார்த்தார். சிரித்தார். இதற்கா பதிவுத் தபால், இது ஊர்ப்புறா அம்மே, எவரும் வளர்க்கலாம். படிவத்தை எடுத்தார். பறவை: ஊர்ப்புறா. காயம்: இல்லை. நடவடிக்கை: தேவையில்லை. திருப்பி என் பக்கம் வைத்து இடம் காட்டினார்: கையெழுத்து.

பேனாவை எடுத்தேன். எடுத்தது உண்மை, அதை மறைத்து எழுத மாட்டேன். ஒரு கையெழுத்து. மாதக் கடைசி வரை யாரும் வர மாட்டார்கள். அதற்குப் பிறகும் வர மாட்டார்கள். வானொலிப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கும், எத்தனை வருடம் வேண்டுமானாலும். அந்த நினைப்பு இனித்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

பதினொரு வீட்டை ஏழு என்று எழுதிக் கொடுத்தவர்களும் இப்படித்தான் பேனாவை எடுத்திருப்பார்கள்.

"பாக்கியம். மத்ததக் கொண்டா."

"எந்த மத்தது?"

"கொண்டான்னா."

சுளகைத் தரையில் போட்டாள், அரிசி சிதற. கொண்டுவந்தாள். முந்தானைக்குள் மூடி, என் முகத்தைப் பார்க்காமல்.

சமிந்த எழுந்து நின்றுவிட்டார். மயிலகொயா, என்றார். இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லையாம். கழுத்துக் கட்டங்களைத் தொடப்போய்த் தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்தது அப்போதுதான்.

பிறகு, அம்மே, கையெழுத்துப் போட்டிருந்தால் நான் போயிருப்பேனே.

தெரியும் என்றேன்.

புதுப் படிவம். வைத்திருக்கும் நோக்கம்: வளர்ப்பு, விற்பனை, உணவு. மூன்று கட்டம். எதில் அடையாளமிட என்றார். பேனாவை வாங்கி நான்காவது கட்டம் ஒன்று கீறி, பக்கத்தில் எழுதினேன்: இறக்கை ஆறும் வரை. படிவத்தில் கீறக் கூடாது என்றார். கீறியாகிவிட்டது.

பாக்கியம் வாசலில் நின்று: "நாலு தலைமொறையா இருக்குற வீட்டுக்கே எங்களுக்கு உறுதிப் பத்திரம் இல்ல. புறாவுக்குப் பேமிட் கேக்க வந்துட்டாரு!"

சமிந்தவுக்குத் தமிழ் விளங்கும் என்று அவளுக்குத் தெரியாது. "உண்மதான் அக்கா," என்றார் தமிழில். அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

மோட்டார் சைக்கிளில் பறவையைக் கொண்டுபோக முடியாது. மேலதிகாரியின் பதில் கடிதத்தோடும் கூண்டோடும் அடுத்த புதன் வாகனத்தில் வருவாராம். அதுவரை பறவை இங்கே.

கொடுக்க மாட்டேன் என்று அவரிடமே சொன்னேன். வழக்கு வரலாம் அம்மே. வரட்டும் என்றேன். தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 12, வியாழன்

பாக்கியம் பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானா புறாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "உண்மையச் சொல்லி என்ன கண்டீங்க தங்கச்சி?" என்றார்.

சட்டம் பிழையில்லை. வலை வைத்துப் பிடித்து விற்பவன் இருக்கிறான், அவனுக்காக எழுதியது. வாசித்து, விளங்கி, சரி என்று ஒப்புக்கொண்டு, அதன் பிறகும் ஒப்படைக்க மாட்டேன் என்று இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைக்கும்போது வயது ஐம்பத்தாறு. அதுவரை அவர் இந்த மலையில் இருந்தது சட்டப்படிதானா என்று எந்த அலுவலகமும் தெளிவாகச் சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயது வரை தினமும் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார், பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுத்தார். பத்திரம் வந்த அன்றும் போனார்.

ஜூன் 14, சனி

இடைவிடாத மழை. குசினியில் ஒழுக்கு, இரண்டு சட்டி வைத்தேன்.

காலையில் கதவடியில் ஒரு தகரக் குவளை நிறையக் கறுப்புப் பழம். எட்டிப் பார்த்தேன். பாக்கியம், குடைக்குள்.

"மாப்புளைக்குக் கொண்டாந்தேன். உங்களுக்கில்ல."

"உள்ள வா, நனையாத."

"வரல." வந்தாள். தேநீருக்குச் சீனி இரண்டு கரண்டி அவளே போட்டுக்கொண்டாள். பெட்டிப் பத்திரிகையை மாற்றினாள். ஓடைக்கரை வலைக்காரன் யாரென்று கண்டுபிடித்துவிட்டாளாம், கீழ்ப்பிரிவு ஆள். போய் நன்றாகத் திட்டினாளாம். வலையைச் சுருட்டி வைத்துவிட்டான்.

பத்திரிகை ஆசிரியர் தொலைபேசி. யாரோ சொல்லியிருக்கிறார்கள். "புறாக் கதைய ஒரு பெட்டிச் செய்தியாப் போடுவோமா, படத்தோட?" வேண்டாம் என்றேன். என் வழக்கை என் பத்திரிகையில் நானே எழுதுவது முறையில்லை. மண்சரிவு வீடுகள் பற்றிய செய்தி இன்னும் வரவில்லையே என்று கேட்டேன். இடமில்லையாம்.

ஜூன் 18, புதன்

வந்தார்கள். சமிந்த, சாரதி, கூண்டு. நல்ல கூண்டு, புதிது, அடியில் வைக்கோல்கூட. அவர்தான் வைக்கோல் போட்டிருக்க வேண்டும்.

இஸ்தோப்பில் பாக்கியமும் லயத்துப் பெண்கள் நாலைந்து பேரும். கொழுந்துக்குப் போகாமல் அரை நாள் நின்றிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை.

கடித உறையைக் கொடுத்தார். பிரித்தேன். ஒன்றரைப் பக்கம், முத்திரை, கையொப்பம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சிங்களம்.

வாசித்தேன். வைத்திருக்க அனுமதி இல்லை, உடனே ஒப்படைக்கவும், இல்லையேல் வழக்கு. தெளிவான மொழி. எழுதியவருக்கு எழுதத் தெரியும்.

மடித்து உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"தமிழ்ல தாங்க," என்றேன், தமிழில்.

சமிந்த விழித்தார். அம்மே, உங்களுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வருமே.

"வரும். நான் கேட்டது தமிழ்ல. கேட்ட மொழியில பதில் வரணும். உங்க சட்டத்த நான் வாசிச்சேன், மொழிச் சட்டத்தையும் வாசிச்சேன்."

இந்தத் தோட்டத்துக்குச் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதங்களை நினைத்தேன். வெளியேற்ற அறிவித்தல், ஆஸ்பத்திரித் துண்டு, பிள்ளையின் பாடசாலைக் கடிதம். எல்லாவற்றையும் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாசித்துச் சொல்லுவேன். ஒரு நாளாவது திருப்பி அனுப்புங்கள் என்று சொன்னேனா? சொன்னதில்லை. உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெண்களில் ஒருத்தி: "அப்பிடிக் கேக்கலாமாக்கா?"

"கேக்கணும்."

சமிந்த வெளியே போய் மேலதிகாரியோடு பேசினார். நெடுநேரம். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பை அடக்கும் சிரமம். மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தானாம், மாவட்டம் முழுவதுக்கும். கடிதம் அவரிடம் போய் வர வேண்டும். எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது. அதுவரை?

"அதுவரைக்கும் பதில் கெடைக்கல," என்றேன்.

குறிப்புப் புத்தகத்தில் எழுதினார், வாசித்தும் காட்டினார்: கடிதம் வாசித்தபின் திருப்பித் தரப்பட்டது, பெறுநர் தமிழ்ப் பிரதி கோருகிறார், பறவை இருக்கும் இடத்திலேயே. கையெழுத்துக் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. போட்டேன்.

கூண்டு வெறுமையாக ஜீப்பில் ஏறியது. பாக்கியம் பின்னாலிருந்து: "வைக்கோல மட்டும் குடுத்துட்டுப் போங்க தம்பி, மாப்புளைக்கு!"

கொடுத்தார்.

ஜூன் 23, திங்கள்

வைத்தியரிடம் போகவில்லை, குலுங்கும். அவரே வந்தார், லிந்துலையில் மாடு ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில். கட்டை அவிழ்த்தார். "இன்னும் ஒரு கிழமை, பத்து நாள்." இறக்கையை விரித்தது. முழுதாக இல்லை. வானொலியிலிருந்து கதவுநிலை வரை பறந்தது. விழவில்லை.

மண்சரிவுச் செய்தி இன்று வந்தது. வீடுகள் பதினொன்று.

ஜூன் 26, வியாழன்

மழை. பதினொரு மணிக்குத் தெரியாத இலக்கம். பெண் குரல், நம்மூர்ப் பேச்சு.

"அக்கா, நீங்க பேப்பருக்கு எழுதுற அக்காதானே? நான் மொழிபெயர்ப்பாளர். ஒரு ஒதவி வேணும். ஒரு கடிதம் தமிழாக்குறேன். மயிலகொயான்னு ஒரு பறவை. என்கிட்ட இருக்குற அகராதி ஒண்ணுலயும் தமிழ்ப் பேர் இல்ல. பேர் சரியா இல்லாம மேலிடத்துல கையெழுத்து வைக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு."

"கடிதம் யாருக்குன்னு பாத்தீங்களாம்மா?"

தாள் புரளும் சத்தம்.

"பாத்தேன்க்கா. அதனாலதான் உங்ககிட்டயே கேக்குறேன்."

பறவை கதவுநிலையில் இருந்தது. கீழே பார்த்தது.

பொய் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் வெறுமனே புறா என்பார்கள், காட்டுப்புறா என்றால் அதில் பல வகை இருக்கிறது, சரியான பெயர் எனக்கும் தெரியாது. சட்டக் கடிதத்தில் பிழையான பெயர் போகக் கூடாது. இரண்டு பேரிடமாவது கேட்டு உறுதிப்படுத்தாமல் சொல்ல மாட்டேன். அப்படியே சொன்னேன்.

"அதான்க்கா சரி. யாருக்குத் தெரியும்?"

"வட்டவளையில ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருத்தர் இருக்காரு. பறவைப் பேரெல்லாம் எழுதி வச்சிருக்காரு. ஆளுக்கு ஃபோன் கெடையாது. நேர்ல போகணும்."

"எப்பக்கா போவீங்க?"

"மழை விட்டதும்."

அவள் சிரித்தாள். "அவசரமில்லக்கா," என்று வைத்துவிட்டாள்.

ஜூன் மாதத்தில் வட்டவளையில் மழை விட்டதாக நான் இதுவரை ஒரு செய்தியும் அனுப்பியதில்லை.